காத்தான்குடியும் நம் ஊர்ப் பத்திரிகைகளும்

சில வாரங்களுக்கு முன் ஜவ்வாது மலையடிவாரத்து ஆலங்காயத்தில் ஜும்ஆ முடித்துவிட்டு ஒரு தேநீர்க் கடையில் உட்கார்ந்திருந்தோம். பயானில் இலங்கை முஸ்லிம்களைப் பற்றி ஓரிரு வார்த்தை சொல்லியிருந்தோம். கல்லூரியில் படிக்கும் ஒரு தம்பி அதைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் வந்து அமர்ந்தார். "ஹஜ்ரத், காத்தான்குடின்னு சொன்னீங்களே, அது ஸஹ்ரானோட ஊர்தானே?" என்று கேட்டார்.

தம்பி சொன்னதில் தவறில்லை. 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறன்று இலங்கையின் தேவாலயங்களிலும் ஓட்டல்களிலும் குண்டு வைத்து 250-க்கும் மேற்பட்ட அப்பாவிகளைக் கொன்ற கும்பலின் தலைவன் அந்த ஊர்க்காரன்தான். அந்த அக்கிரமத்தை இலங்கை ஆலிம்கள் உடனே கண்டித்தார்கள். அடுத்த சில நாட்களுக்குக் காத்தான்குடி என்ற பெயர் தமிழ்நாட்டின் எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தது. அந்த ஊர் வீதியில் பேரீச்சை மரங்கள் நட்டிருக்கிறார்கள் என்பது வரை நம் மக்கள் படித்துத் தெரிந்துகொண்டார்கள்.

அதே ஊருக்கு இன்னொரு தேதியும் உண்டு. 1990 ஆகஸ்ட் 3, வெள்ளிக்கிழமை. இஷா தொழுகை நேரம். மீரா ஜும்ஆ பள்ளிவாசலிலும் ஹுஸைனிய்யா பள்ளிவாசலிலும் ஆயுதம் தாங்கியவர்கள் புகுந்து, தொழுகையில் நின்றவர்கள் மீது பின்னாலிருந்து சுட்டார்கள்; கையெறி குண்டுகளையும் வீசினார்கள். இறந்தவர்கள் 103 பேர் என்று ஒரு கணக்கும் 147 பேர் என்று ஒரு கணக்கும் உண்டு. சிறுவர்களும் அதில் அடக்கம். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். விடுதலைப் புலிகள் இதைத் தாங்கள் செய்யவில்லை என்றார்கள். உயிர் தப்பியவர்களும் மனித உரிமை அமைப்புகளும் அவர்களையே குற்றம் சாட்டின. மீரா பள்ளிவாசல் சுவரில் குண்டு துளைத்த அடையாளங்களை ஊர் மக்கள் இன்றும் பூசி மறைக்காமல் வைத்திருக்கிறார்கள். ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் 3 அங்கே சுஹதாக்கள் தினம்.

இதைச் சொன்னதும் தம்பியின் முகம் மாறியது. "இவ்வளவு பெரிய விஷயம் நம்ம பேப்பர்ல வராமலா போயிருக்கும் ஹஜ்ரத்?" என்றார். அந்தக் கேள்விக்கு அங்கேயே முழுதாகப் பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

வரவே இல்லை என்று சொன்னால் அது பொய். செய்தி வந்தது. அது செய்தியாக வந்து செய்தியாகவே போய்விட்டது என்பதுதான் நம் வருத்தம். 1983 ஜூலைப் படுகொலைகள் தமிழ்நாட்டில் எப்படிப் பேசப்பட்டன என்று நம் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் தெரியும். வெலிக்கடைச் சிறையில் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டது ஊர் ஊராக நோட்டீஸில் வந்தது. ஆகஸ்ட் 2 அன்று மாநிலம் முழுக்கக் கடையடைப்பு நடந்தது. மலையடிவாரத்துச் சிற்றூர்களில் கூடக் கறுப்புக் கொடி பறந்ததாகச் சொல்வார்கள். அந்த நினைவு இன்றும் வாழ்கிறது, வாழத்தான் வேண்டும். ஏழு ஆண்டுகள் கழித்து நடந்த காத்தான்குடிக்கோ, எட்டே நாளில் அடுத்த ஊரான ஏறாவூரில் நூற்றுக்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் வெட்டியும் சுட்டும் கொல்லப்பட்டதற்கோ அப்படி ஒரு நினைவு இங்கே உருவாகவில்லை.

அந்த ஆண்டு அக்டோபரில் வடக்கு மாகாணத்திலிருந்து சுமார் 75,000 முஸ்லிம்கள் மொத்தமாக வெளியேற்றப்பட்டார்கள். சாவகச்சேரியில் தொடங்கி மன்னார், முல்லைத்தீவு, வவுனியா, கிளிநொச்சி என்று நடந்தது. கடைசியாக அக்டோபர் 30 அன்று யாழ்ப்பாணம். ஒலிபெருக்கியில் அறிவித்து, ஒஸ்மானியாக் கல்லூரி மைதானத்துக்கு வரவழைத்து, இரண்டு மணி நேரத்தில் ஊரைவிட்டுப் போகச் சொன்னார்கள். வழியில் பெண்களின் நகைகளையும் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். தலைமுறை தலைமுறையாகத் தமிழ் பேசி, தமிழில் படித்து, தமிழில் பயான் கேட்ட மக்கள் அவர்கள்.

இரண்டு கட்டம் போட்ட அட்டவணை

தூரத்தில் நடக்கும் சண்டையை ஒரு பத்திரிகை எப்படிச் சொல்கிறது? நாம் பார்த்தவரை, முதலில் ஒரு அட்டவணை போடுகிறது. ஒரு பக்கம் நம்மவர், மறு பக்கம் எதிரி. அடுத்து வரும் ஒவ்வொரு செய்தியையும் அந்த இரண்டு கட்டங்களில் ஒன்றில் எழுதுகிறது. தமிழ்நாட்டுப் பத்திரிகைகளுக்கு இலங்கைப் பிரச்சினை என்றால் சிங்களர் ஒரு கட்டம், தமிழர் ஒரு கட்டம். "தொப்புள்கொடி உறவு" என்பது அந்த அட்டவணையின் தலைப்பு.

இலங்கை முஸ்லிம் இந்த அட்டவணையில் எங்கே நிற்கிறார்? மொழியைப் பார்த்தால் தமிழர் கட்டம். ஆனால் அவரைக் கேட்டால் தாம் சோனகர், தமிழர் அல்ல என்பார். இது இங்கேயுள்ள நமக்கே முதலில் புரிவதில்லை. நாம் தமிழர்களாகவும் முஸ்லிம்களாகவும் ஒரே மூச்சில் இருக்கிறோம். காயல்பட்டினத்துக்காரரும் கீழக்கரைக்காரரும் தம்மைத் தமிழர் இல்லை என்று சொல்லமாட்டார்கள். இலங்கையில் வரலாறு வேறு மாதிரி போனது. 1888-இல் பொன்னம்பலம் இராமநாதன் சோனகர்கள் இனத்தால் தமிழரே, மதம் மட்டுமே வேறு என்று ஒரு கட்டுரை எழுதினார். அதற்குள் ஓர் அரசியல் கணக்கு இருக்கிறது, சட்டசபையில் தனி இடம் தராமல் இருப்பதற்கான வாதம் இது என்று முஸ்லிம்கள் சந்தேகப்பட்டார்கள். ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் 1907-இல் மறுப்பு நூல் எழுதினார். 1915-இல் சிங்களர்கள் முஸ்லிம்களின் கடைகளையும் பள்ளிவாசல்களையும் தாக்கிய கலவரத்துக்குப் பிறகு, இராமநாதன் லண்டன் வரை போய்க் கைதான சிங்களத் தலைவர்களுக்காக வாதாடியது அவர்கள் மனதில் ஆறாத புண்ணாகிவிட்டது. இன்று இலங்கையின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே சோனகர் தனி இனம். 2012 கணக்கின்படி 9.3 சதவீதம்.

சென்னையிலோ வேலூரிலோ உதவி ஆசிரியர் மேசையில் இருப்பவருக்கு இரவு பத்து மணிக்கு இந்த நூறாண்டுக் கதையெல்லாம் நினைவுக்கு வருமா? செய்தி நிறுவனத்திலிருந்து நாலு வரி வருகிறது: "முஸ்லிம்கள் கொல்லப்பட்டனர், புலிகள் மறுப்பு." கொன்றவரும் தமிழ் பேசுகிறார், இறந்தவரும் தமிழ் பேசுகிறார். எந்தக் கட்டத்தில் எழுதுவது? எழுத இடம் தெரியாத செய்தி உள்பக்கத்தில் சிறு பத்தியாகச் சுருங்கிவிடும். இதில் காழ்ப்புணர்ச்சி இருந்தது என்று நாம் குற்றம் சாட்டவில்லை. காழ்ப்புணர்ச்சி இல்லாமலேயே இது நடந்துவிடும் என்பதுதான் கவலை தருகிறது.

இன்னொரு காரணமும் உண்டு, இது பலர் கவனிக்காதது. தமிழ்நாட்டுப் பத்திரிகைகளுக்கு இலங்கைச் செய்தி கொழும்பிலிருந்து வந்ததை விட இராமேசுவரத்திலிருந்துதான் அதிகம் உயிரோடு வந்தது. படகில் வந்திறங்கிய அகதிகளிடம் நிருபர் பேசுவார், படம் எடுப்பார், அழுகையை எழுதுவார். 1990 ஜூனில் போர் மறுபடி தொடங்கியபின் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் அப்படி வந்தார்கள். அவர்களில் பலரை மண்டபம் முகாமிலிருந்து மாவட்டங்களுக்கு அனுப்பினார்கள். நம் பக்கத்தில் மேல்மொணவூர் முகாம் எல்லோருக்கும் தெரியும். ஆனால் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம்களில் பெரும்பாலோர் இராமேசுவரம் வரவில்லை. தெற்கே நடந்து, புத்தளத்தில் தென்னந்தோப்புகளுக்குள் ஓலைக் குடிசை போட்டார்கள். நிருபர் நிற்கும் கரைக்கு அவர்கள் வந்து சேரவே இல்லை.

காத்தான்குடிச் செய்தியைச் சுமந்து வந்தது யார் என்பதையும் பார்க்க வேண்டும். கொழும்பு அரசு அதை உலகுக்குப் பெரிதாக அறிவித்தது. தன் படை தமிழ்க் கிராமங்களில் செய்ததையெல்லாம் மறைத்த அதே அரசு! அந்த வாயிலிருந்து வரும் எதையும் நம்ப வேண்டாம் என்ற பழக்கம் இங்கே வேரூன்றியிருந்தது. அதற்கு நியாயமும் இருந்தது. ஆனால் செய்தி கொண்டு வருபவன் தீயவனாக இருந்தால் ஹுஜுராத் அத்தியாயத்தின் 6-ஆம் வசனம் நம்மை என்ன செய்யச் சொல்கிறது? விசாரித்து அறியச் சொல்கிறது. தூக்கி எறியச் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 2-க்கும் அக்டோபர் 30-க்கும்

இப்போது தேதிகளைக் கவனியுங்கள். காத்தான்குடிக்கு முந்தைய நாள், 1990 ஆகஸ்ட் 2 அன்று, சதாமின் படை குவைத்துக்குள் நுழைந்தது. மறு வாரம் ஆகஸ்ட் 7 அன்று வி.பி. சிங் மண்டல் பரிந்துரையை அமல்படுத்துவதாக அறிவித்தார். வட இந்தியா கொதித்தது. யாழ்ப்பாணத்திலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்ட அதே அக்டோபர் 30 அன்றுதான் அயோத்தியில் கரசேவகர்கள் பாபர் மஸ்ஜித் மீது ஏறினார்கள், துப்பாக்கிச் சூடு நடந்தது. மறுநாள் பத்திரிகையின் முதல் பக்கத்தில் வேறு எதற்கு இடம் இருந்திருக்கும்?

நம் சமுதாயத்தையும் இங்கே கணக்கில் சேர்க்க வேண்டும். வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் பேரணாம்பட்டிலும் அந்த ஆகஸ்டில் வீட்டுக்கு வீடு பேச்சு குவைத் பற்றித்தான். மகன், மருமகன், மச்சான் என்று யாராவது ஒருவர் அங்கே சிக்கியிருந்தார். சுமார் 1,70,000 இந்தியர்களை விமானத்தில் மீட்டு வரும்வரை எந்தத் தாயும் வேறு செய்தி படித்திருக்க மாட்டாள். அக்டோபர் வந்ததும் நம் மிம்பர்களில் பாபரி மஸ்ஜித். அது இயல்புதான், ஈமானின் துடிப்புதான். இந்தப் பக்கத்தில் உருதுப் பத்திரிகை படிப்பவர்கள் அதிகம். சென்னையிலிருந்து 1927 முதல் கையெழுத்திலேயே வரும் 'முசல்மான்', பெங்களூரிலிருந்து வரும் 'ஸாலார்' என்று படிக்கும் வீட்டுக்கு டெல்லியும் பாக்தாதும் பக்கத்து ஊர். தமிழ் மட்டுமே பேசும் காத்தான்குடி தூரம். தமிழ்ப் பத்திரிகைக்கு அவர்கள் முஸ்லிம்கள், உருதுப் பத்திரிகைக்கு அவர்கள் தமிழர்கள் என்று ஆகிவிட்டது.

இத்தனைக்கும் வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத்தில் ஓதி பாகவி பட்டம் பெற்ற ஆலிம்கள் இலங்கை முழுக்க இருக்கிறார்கள். நாம் ஓதிய காலத்தில் எங்களோடு ஓர் இலங்கை மாணவர் இருந்தார்; புத்தளம் முகாமில் வளர்ந்தவர். தினமும் அஸருக்குப் பிறகு தமிழ்ப் பத்திரிகையை முதல் பக்கம் முதல் கடைசிப் பக்கம் வரை படிப்பார். ஒரு நாள் மடித்து வைத்துவிட்டு, "இதில் எங்களுடைய நாடு தினமும் வருகுது, நாங்கள்தான் வாறதில்லை" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அன்று அது ஒரு வேடிக்கைப் பேச்சாகத்தான் பட்டது.

நீதியாகப் பேசுவதென்றால் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஏறாவூர்ப் படுகொலை நடந்த அதே நாட்களில், ஆகஸ்ட் 12 அன்று, அம்பாறை மாவட்டத்து வீரமுனையில் கோயிலில் தஞ்சம் புகுந்திருந்த தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். அதில் முஸ்லிம் ஊர்காவல் படையினருக்கும் பங்கு இருந்தது என்பது தமிழர்களின் குற்றச்சாட்டு. காத்தான்குடியைப் பற்றி எழுதும் நம்மவர்களில் எத்தனை பேர் வீரமுனை என்ற பெயரைக் கேட்டிருப்பார்கள்? நமக்கும் ஓர் அட்டவணை இருக்கிறது. சூரத்துன் நிஸாவின் 135-ஆம் வசனம் சொந்தங்களுக்கு எதிராக ஆனாலும் சாட்சி சொல்லச் சொல்வது இந்த மாதிரி இடங்களுக்குத்தான்.

மறு பக்கத்தில் சாட்சி சொன்ன தமிழர்களும் உண்டு. மனித உரிமைகளுக்கான யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆசிரியர்கள் அமைப்பு இந்தக் கொலைகளையெல்லாம் இரு தரப்பும் விடாமல் பதிவு செய்தது. அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான டாக்டர் ரஜனி திராணகம 1989 செப்டம்பர் 21 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். மற்றவர்கள் நிறுத்தவில்லை. பிற்காலத்தில் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் சுமந்திரன் வடக்கில் நடந்தது இனச் சுத்திகரிப்பு என்று வெளிப்படையாகச் சொல்லித் தன் மக்களிடமே ஏச்சு வாங்கினார். 2002 ஏப்ரலில் கிளிநொச்சியில் நடந்த பத்திரிகையாளர் சந்திப்பில் புலிகளின் அன்டன் பாலசிங்கமும் வெளியேற்றத்துக்கு வருத்தம் தெரிவித்தார். அந்தச் சந்திப்புக்கு உலகப் பத்திரிகையாளர்கள் நூற்றுக்கணக்கில் போயிருந்தார்கள். தமிழ்நாட்டில் அதிலிருந்து நினைவில் நிற்பது ராஜீவ் கொலை பற்றிய கேள்வியும் பதிலும்தான்.

துருக்கியும் மணிப்பூரும் நம் மலையும்

இது தமிழ்ப் பத்திரிகைகளின் தனி நோய் அல்ல. முஸ்லிம் நாடான துருக்கியையே பாருங்கள். 1988-இல் சதாமின் விஷவாயுவுக்குப் பயந்து பல்லாயிரம் குர்து முஸ்லிம்கள் எல்லை தாண்டி வந்தார்கள். அவர்களுக்கு அகதி என்ற தகுதி கூடத் தரப்படவில்லை. தற்காலிக விருந்தினர் என்று கூடாரங்களில் வைத்தார்கள். அடுத்த ஆண்டே பல்கேரியாவிலிருந்து மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட துருக்கிய முஸ்லிம்கள் விரட்டப்பட்டு வந்தார்கள். அவர்களை அரசும் பத்திரிகைகளும் 'சோய்தாஷ்' என்று அழைத்தன. ஒரே குலத்தவர் என்று பொருள்; நம் தொப்புள்கொடி உறவேதான். இரு கூட்டமும் ஒரே கிப்லாவை நோக்கித் தொழுதவர்கள்.

மணிப்பூரில் 2023 மே 3 அன்று வெடித்த கலவரத்தை நம் பத்திரிகைகள் மெய்தி-குக்கி மோதல் என்று எழுதின. மோரே ஊரில் தமிழர்களின் வீடுகள் எரிந்ததும் அது தனிச் செய்தியாக வந்தது. அதே மணிப்பூரில் மக்கள்தொகையில் எட்டு சதவீதம் இருக்கும் பாங்கல் முஸ்லிம்களை, இரு தரப்பு எல்லைக்கும் நடுவே குவாக்தாவில் மாட்டிக்கொண்டவர்களை, தமிழில் எத்தனை பேர் எழுதினார்கள்?

இதெல்லாம் தூர தேசத்துக் கதை என்று ஜவ்வாது மலைக்காரர்கள் சொல்ல முடியாது. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திர அதிரடிப்படை 20 பேரைச் சுட்டுக் கொன்றது. 12 பேர் திருவண்ணாமலை மாவட்டத்துக்காரர்கள், அவர்களில் பலர் இந்த மலையின் மலையாளிப் பழங்குடியினர். ஆந்திரப் போலீஸ் சொன்ன சொல் "செம்மரக் கடத்தல்காரர்கள்". இங்கே வந்த சொல் "அப்பாவித் தமிழர்கள்". இரண்டிலும் மலைவாசி என்ற அடையாளம் பின்னால் போனது. சாமையும் தேனும் விற்றுப் பிழைப்பு நடத்த முடியாமல் மரம் வெட்டக் கூலிக்குப் போனவன் எந்த வறுமையால் போனான், எந்தத் தரகர் கூட்டிப் போனார் என்ற கேள்வி இரண்டு மூன்று வாரத்தில் அடங்கிவிட்டது. ஜமுனாமரத்தூர் சந்தையில் அந்தச் சம்பவத்தைப் பேச்செடுத்தால், "பேப்பர்ல எங்களத் தமிழன்னு போட்டாங்க, அதோட சரி" என்று சொல்லிவிட்டு மூட்டையைக் கட்டப் போய்விடுவார்கள்.

தம்பியின் கேள்விக்கு வருவோம். இவற்றில் பாதியைத்தான் அன்று தேநீர்க் கடையில் சொல்ல முடிந்தது. கேட்டு முடித்தவர், "அந்த 75,000 பேர் இப்ப எங்க ஹஜ்ரத்?" என்றார்.

2009-இல் போர் முடிந்தபின் ஒரு பகுதியினர் யாழ்ப்பாணம், மன்னார் திரும்பினார்கள். இருபது ஆண்டு கழித்துப் போனால் வீட்டுக்குக் கூரை இல்லை, சில இடங்களில் வேறு ஆட்கள் குடியிருந்தார்கள். குடும்பம் பெருகிவிட்டதால் பழைய நிலம் போதவில்லை. பிள்ளைகள் புத்தளத்தில் பிறந்து அங்கேயே படித்து வளர்ந்தவர்கள். எனவே பெரும்பாலோர் அங்கேயே தங்கிவிட்டார்கள். மன்னார் மாவட்டத்தின் தெற்கே மறிச்சுக்கட்டிப் பக்கம் திரும்பியவர்களின் ஊர்கள் இடைக்காலத்தில் காடு மூடிக் கிடந்தன. அதை அவர்கள் வெட்டித் துப்புரவாக்கியதும் சிங்களப் பத்திரிகைகளிலும் தொலைக்காட்சிகளிலும் ஒரு புதிய தலைப்பு கிளம்பியது: வில்பத்துக் காட்டை முஸ்லிம்கள் அழிக்கிறார்கள். அவர்கள் ஏன் அந்த ஊரைவிட்டுப் போனார்கள், காடு எப்படி வந்தது என்பதை அந்தச் செய்திகளில் பல சொல்லவில்லை.

தம்பி தன் கைபேசியை எடுத்து வில்பத்து என்று தட்டினார். முதலில் வந்தது சிறுத்தை படம். கீழே தள்ளிக்கொண்டே போனார். அஸருக்கு பாங்கு சொல்லும்வரை நாங்கள் இருவரும் அதைத்தான் படித்துக்கொண்டிருந்தோம்.